சனிக்கிழமை செல்போன் வகுப்பிலும் பிரேயர் உண்டு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை இரவு 7 மணிக்கு கூகுள் மீட்டில் நடக்கும் திருப்புதல் வகுப்பு பற்றித்தான் இந்தக் கடிதம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார்: "இருக்கிறதே ஒரு மணி நேரம், அதுல பிரேயர், அட்டெண்டன்ஸ்னு நேரம் போகுது, நேரா கணக்கைப் போடலாமே சார்?" நியாயமான கேள்விதான், ஆனால் என் பதில் முடியாது என்பதுதான்.

பள்ளிக்கு வரும் பிள்ளை பாலக்கோட்டில் டவுன் பஸ் இறங்கி, கேட்டைத் தாண்டி, மணி கேட்டு, வரிசையில் நின்று வகுப்புக்குள் வருவதற்குள் மனசும் வந்து சேர்ந்துவிடுகிறது. வீட்டிலோ 6.59 வரை ரீல்ஸ், 7 மணிக்கு அதே கட்டில், அதே போன், முக்கோணவியல். 2020 ஊரடங்கில் பார்த்தோமே, பெயர் மட்டும் திரையில் இருக்கும், ஆள் மாடு பிடித்துக் கட்டப் போயிருப்பான்!

அதனால் நம் பள்ளியின் தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம், அது ஒலித்தால்தான் வகுப்பு. அடுத்து தமிழ்த்தாய் வாழ்த்து, 55 விநாடிதான். எல்லாரும் மைக்கைத் திறந்து பாடினால் நெட் தாமதத்தில் ஆளுக்கொரு அடியில் நிற்கிறார்கள், காது கிழிகிறது. ஆகவே முறை வைத்து ஒருவர் மைக்கில் பாடுவார், மற்றவர்கள் மியூட்டில் எழுந்து நின்று பாட வேண்டும். பிள்ளை கூடத்தில் தனியாக நின்று பாடும்போது தயவுசெய்து சிரிக்காதீர்கள், அடுத்த வாரம் நிற்க மாட்டான்.

வருகைப் பதிவில் "உள்ளேன் ஐயா" கிடையாது. வாசலில் இப்போது என்ன தெரிகிறது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். "தக்காளி கிரேட் பெட்டி அடுக்கியாச்சு, லோடு வண்டி இன்னும் வரல" என்று ஒரு பெண் சொன்னாள். பகலெல்லாம் பறித்த களைப்பு குரலிலேயே தெரிந்தது, அன்று டீச்சர் அவளைக் கணக்குப் போடச் சொல்லி நெருக்கவில்லை. வெறும் ரிஜிஸ்டர் இதைச் சொல்லுமா? முடிவில் அன்றைய சந்தேகம் ஒன்றை நோட்டில் எழுதி வாசித்துவிட்டு, பெயர் சொல்லி ஒவ்வொருவராக வெளியேற வேண்டும். அடுத்த வகுப்பு அந்தச் சந்தேகங்களில் இருந்துதான் தொடங்கும். கேமரா போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். வீட்டைக் காட்டக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், டேட்டாவும் தீர்ந்துவிடும்.

இதுவும் சடங்குக்குச் செய்கிற சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. வாசல் கேள்வி சலித்தால் வேறு கேள்வி மாற்றச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம் தாண்டக் கூடாது என்றும் ஆசிரியர்களுக்குக் கறாராகச் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். வாராவாரம் ஒரே இடத்தில் உட்காரட்டும், கட்டில் வேண்டாம். முகம் கழுவிவிட்டு வரட்டும். அந்த ஒரு மணி நேரம் கடைக்கு அனுப்பாதீர்கள். ஓசூர் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் போகும் அப்பாக்களோடு போனும் போய்விடுகிறது, தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டில் சேர்ந்து உட்காரலாம், ஒரு போனில் இரண்டு பேர் இருந்தாலும் இரண்டு பேருக்கும் வருகை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்