பியானோ ஊரின் யானை

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கனெக்டிகட் மாநிலத்தின் டீப் ரிவர் என்ற சின்ன ஊரைப் பார்த்தேன். டவுன் ஹால் வாசலில் ஒரு யானைச் சிலை. பனி கொட்டுகிற ஊரில் யானைக்கு என்ன வேலை என்றால், தந்தம்தான். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து கப்பலில் வந்த தந்தத்தை இங்கேயும் பக்கத்து ஐவரிடனிலும் முதலில் சீப்பாகவும், அப்புறம் பியானோ கட்டைகளுக்கு மெல்லிய தகடாகவும் அறுத்து, கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகைகளில் நம்ம வீட்டு வடகம் மாதிரி வாரக்கணக்கில் வெயில் காட்டி வெளுக்க வைத்திருக்கிறார்கள். பழைய பியானோவின் வெள்ளைக் கட்டையை உற்றுப் பார்த்தால் இரண்டு துண்டை ஒட்டிய மயிரிழைக் கோடு தெரியும்.

சரி, யானைக்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து கடற்கரை வரை அந்தத் தந்தத்தைத் தோளில் சுமந்து வந்தவர்கள்? அவர்களில் அடிமைகள் எத்தனையோ பேர். இந்த ஊர்த் தந்த முதலாளி ஜார்ஜ் ரீட் அடிமை முறையை எதிர்த்தவர், தப்பி வந்த ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் என்பதுதான் இதில் விநோதம். யானைக்குப் பக்கத்திலேயே அந்தச் சுமைகாரர்களுக்கும் ஒரு கல் நடலாம், புல்தரையில் இடம் இருக்கிறது.

– ஒரு வாசகர், மதுரை