காட்டிக்கொடுத்த விக்கல்

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்மா போனில் பாதி சொல்லியிருப்பாள். மீதியை நானே எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் நீ கத்துவாய்.

திங்கள் ராத்திரி ரசம் சாதம் சாப்பிடும்போது விக்கல் பிடித்தது. "பிள்ளை நினைக்கிறான்" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். செவ்வாயும் நிற்கவில்லை. எனக்குச் சுகர் இருப்பதையே மறந்து ஒரு ஸ்பூன் சீனியை வாயில் போட்டுவிட்டாள். மூச்சை அடக்கினேன், மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்தேன். தூக்கத்திலும் விக்கியது. புதன்கிழமை இட்லியை விண்டு வாயில் வைத்தால் விழுங்குவதற்குள் தூக்கிப்போட்டு வெளியே வந்தது. வியாழன் காலை, "எந்தப் பிள்ளை இத்தனை நேரம் நினைக்கும், கிளம்புங்க" என்று ஆட்டோ பிடித்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. 48 மணி நேரம் தாண்டிவிட்டால் காரணம் தேடியே ஆகவேண்டும் என்றார். முதலில் இ.சி.ஜி. விக்கலுக்கு எதற்கு என்று கேட்டேன். இதயத்தின் அடிப்பக்கம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து விக்கலில் துடிக்கிற தசையான உதரவிதானத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் சிலருக்கு விக்கலாகவும் காட்டும், சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலியே தெரியாமல் போகலாம் என்றார். அது சரியாக இருந்தது. ரத்தத்தில்தான் குட்டு உடைந்தது. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேட்டினின் 4.8. ஒன்றை ஒட்டி இருக்கவேண்டியதாம். சிறுநீரில் போகவேண்டிய கழிவெல்லாம் ரத்தத்தில் தேங்கி விக்கலைக் கிளப்பிவிட்டிருக்கிறது.

"வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றார். நான் அம்மா பக்கம் திரும்பவில்லை. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, அஞ்சு மாசமாகத் தினம் இரண்டு. அதுதான் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. காலி அட்டைகளை உன் பழைய ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்து ஒளித்திருந்தேன். அம்மா பிறகு அதைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

பக்கத்துக் கட்டில்காரரின் பையன் வந்து, அமெரிக்காவில் ஒருவர் 1922இல் தொடங்கி 68 வருஷம் விக்கினார் தாத்தா என்று ஆறுதல் சொன்னான்! நல்ல பையன்தான்.

மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, சனி விடியற்காலையில் விக்கல் நின்றது. அந்த அமைதியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. டயாலிசிஸ் வரை போகவில்லை. கிரியேட்டினின் இப்போது 2.1. வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும்.

நேற்று சாயங்காலம் ஆறரைக்குக் காபி குடிக்கும்போது ஒரு விக்கல். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள். அடுத்தது வரவில்லை. அது நீதானே?

அப்பா