லண்டனுக்கு வரவிருக்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. வேலை உறுதியாகி நால்வரும் சேர்ந்தே லண்டனுக்கு வருகிறீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். கல்லூரியிலேயே உன் உழைப்பைப் பார்த்தவள் நான். அதனால் மகிழ்ச்சிதான், வியப்பில்லை. இங்கே அனைவரும் நலம். பெரியவள் நீச்சலில் மூழ்கிக் கிடக்கிறாள், சின்னவனுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன.

வாடகை, பள்ளி, குளிர் என்று நிறையக் கேட்டிருக்கிறாய். உன் கணவர் தன் வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. நானும் அப்படி வந்தவள்தானே.

வேலைக்கென்று வருகிறவருக்கு முதல் நாளே உட்கார ஓர் இடமும் பெயர் சொல்லி அழைக்க நாலு பேரும் கிடைத்துவிடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பள்ளி இருக்கிறது. உடன் வருகிறவருக்கு எதுவும் தயாராக இருப்பதில்லை. ஆனால் குடும்பத்தை இங்கே ஊன்றவைக்கும் பொறுப்பு முழுக்க அவர் மேல்தான் விழுகிறது. எனவே வீடு பார்க்கும்போது உன் அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் என்பதை முதல் கணக்காக வைக்காதே. நீ டியூப் எனும் சுரங்க ரயிலில் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து போகலாம். அவர் நடந்து போகும் தூரத்தில் பள்ளி, பூங்கா, நூலகம் மூன்றும் இருக்க வேண்டும். கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், நடத்தும் நூலகங்களில் உறுப்பினராகக் கட்டணம் இல்லை. பல நூலகங்களில் சிறு குழந்தைகளுக்குக் கதை நேரம் உண்டு. எனக்கு இந்த நகரத்தின் முதல் நட்பு அங்கேதான் கிடைத்தது.

பள்ளி விஷயம் வீட்டோடு பின்னிக் கிடக்கிறது. லண்டன் என்பது நிர்வாகத்தில் ஒரே ஊர் இல்லை. பரோ எனப்படும் 32 உள்ளாட்சிப் பகுதிகள், அவற்றோடு சிட்டி ஆஃப் லண்டன் எனும் பழைய மையப் பகுதி. பள்ளிச் சேர்க்கை விவரங்களுக்கு அந்தந்தக் கவுன்சிலைத்தான் கேட்க வேண்டும். இடத்துக்குப் போட்டி இருந்தால் பெரும்பாலான அரசுப் பள்ளிகள் வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்கின்றன. கல்வியாண்டின் நடுவே வந்தால் பிடித்த பள்ளியில் இடம் இல்லாமல் போகலாம். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு பள்ளிகள்கூட அமையலாம். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், எந்தெந்த வகுப்பில் இடம் இருக்கிறது என்று பள்ளிக்கே தொலைபேசியில் கேட்டுவிடு. வகுப்பை வயதுதான் தீர்மானிக்கிறது. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. நம் ஊரில் எந்த வகுப்பு படித்தான் என்பது இங்கே செல்லாது. உன் மகனிடம் இதை முன்பே சொல்லிவை.

டெபாசிட் பற்றிக் கேட்டாயே. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் 30 நாள்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள். வாடகை ஒப்பந்தத்திலும் மின்சாரக் கட்டண ரசீதிலும் உன் கணவர் பெயரும் இருக்கட்டும். வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் முகவரிச் சான்று கேட்பார்கள். எல்லாம் உன் பெயரில் மட்டும் இருந்தால் அவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். டாக்டரிடம் பதிவு செய்வது மட்டும் எளிது, அதற்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. வந்த வாரமே செய்துவிடுங்கள்.

குளிரைவிட எனக்குக் கடினமாக இருந்தது இருட்டு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து கதவைச் சாத்தினால் அன்றைய பகல் முடிந்தது. புதிய ஊரில் ஆளறியாமல் அந்த மாதங்களைக் கடப்பது கொடுமை. நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உன்னிடம் இருந்தால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ வா. ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பூங்காவில் பிள்ளைகள் விளையாட, பெற்றோர்கள் தாமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு மேல் தள்ளிப்போடாதே, ஜூலை கடைசி வாரத்தில் பள்ளிகள் மூடிவிட்டால் செப்டம்பர் வரை யாரிடமும் சரியான பதில் கிடைப்பது சிரமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் விசாவோடு வரும் கணவருக்கு இங்கே வேலை செய்ய உரிமை உண்டு. ஆனால் வந்த மறுமாதமே தேடத் தொடங்கும்படி அவரை நெருக்காதே, உறவினர்கள் கேட்டாலும் நீ குறுக்கே நில். வீட்டைச் சரிசெய்ய ஆகும் காலம் வேலைக்காலம்தான். எனக்கு அதை என் கணவர் வாய்விட்டுச் சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

உன் அலுவலகம் நகரின் எந்தப் பக்கம் என்று எழுது. அதைவிட முக்கியமாக, உன் கணவருக்கு என்ன மாதிரியான இடம் பிடிக்கும் என்று அவரையே எனக்கு எழுதச் சொல். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி