பேரு தெரியாத பைலட் அண்ணனுக்கு நன்றி

மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். அக்கா கல்யாணம் பண்ணி ஆஸ்திரேலியா மில்டுராவுல இருக்கா, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன வீட்டுல பொறந்துட்டு இப்ப திராட்சை தோட்டத்துல வேலை. கீமோவுக்கு மெல்பர்ன் போகணும், கார்ல ஆறு மணி நேரம், வாந்தி எடுத்துக்கிட்டே எப்படி போறது? அப்பதான் ஏஞ்சல் ஃபிளைட்னு, நோயாளிங்கள வைத்தியத்துக்கு பிளேன்ல கூட்டிட்டுப் போற தொண்டு அமைப்பு மூலமா இந்த அண்ணே வந்தாரு. சின்ன பிளேன், சம்பளம் இல்ல, அக்காகிட்ட ஒரு காசு வாங்கல. ஆனா உள்ள நர்ஸ் கிடையாது, தானா ஏறி உக்கார தெம்பு இருக்குறவங்களதான் ஏத்துவாங்க.

2017ல ஆஸ்திரேலியாவுல மவுண்ட் காம்பியர்ங்கற ஊர்ல மேகம் தாழ்வா இருந்தப்ப கிளம்புன இதே மாதிரி பிளேன் விழுந்து 3 பேர் போய்ட்டாங்க, அத யாரோ அம்மாகிட்ட சொல்லிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி அம்மா தூங்கவே இல்ல.

ஒரு தடவ இவரும் பனியா இருக்குன்னு கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டாரு. போன்ல நான் கொஞ்சம் கோவமாவே பேசிட்டேன், மன்னிச்சிருங்கண்ணே. அடுத்த வாரம் வந்து, அக்கா பையை கைத்தராசுல தூக்கி எடை பாத்துட்டு, அதுல இருந்த அம்மா சுட்ட முறுக்குல ரெண்ட எடுத்துக்கிட்டு சிரிச்சாராம்.

தீபாவளிக்கு ஒரு டின் வருது அண்ணே.