செவியா சைக்கிள் சுற்று: ஐந்தாவது கடிதம், பணம் இன்னும் வரவில்லை

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், உறையூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சென்னை.

பொருள்: ஸ்பெயினின் செவியா நகரில் மே 27 அன்று நடக்காத சைக்கிள் சுற்றுக்கு வாங்கிய ரூ. 6,400-ஐத் திருப்பித் தருவது, உங்கள் ஊழியர் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. நான்கிலும் 'முக்கியம்' என்பதை 'முக்கயம்' என்றே அடித்திருந்தீர்கள். ஆகவே யாரும் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். இதையாவது தாங்களே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பேச்சைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத ஓடாது. "சைக்கிள்தானே சார், அத ஓட்ட ஸ்பெயின் வரைக்கும் போகணுமா?" இதைச் சொன்னவர் உங்கள் 24 மணி நேர உதவி எண்ணில் பேசிய தம்பி. விற்றது யார் சார்? "வரலாற்று நகரம், ஆற்றோரம், சமதளம், 15 கிலோமீட்டர், வயதானவர்களும் ஓட்டலாம்" என்று வண்ணப் படம் போட்டு விற்றது நீங்கள்தானே? முப்பத்தோரு வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் கத்துவார்கள், ஏசுவார்கள். ஒருநாளும் நான் அப்படிப் பதில் பேசியதில்லை.

அவர் அதைச் சொன்னபோது நாங்கள் நின்றிருந்தது தோர்ரே தெல் ஓரோ என்கிற தங்கக் கோபுரத்தின் நிழலில். நிழல் என்று பேருக்குச் சொல்கிறேன், மதியம் இரண்டரை மணிக்கு ஏது நிழல். 38 டிகிரி. திருச்சிக்காரனுக்கு வெயில் புதிதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். திருச்சியில் அந்த நேரத்தில் எவனும் வெளியே நிற்க மாட்டான்.

அங்கே ஏன் நின்றோம்? உங்கள் வவுச்சரில் கடை 'பார்கெத்தா பாலம் அருகில்' என்று போட்டிருந்தது. பதினோரு யூரோ கொடுத்து டாக்சியில் போனோம். 1992 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய அந்தப் பாலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, சைக்கிள் கடை இல்லை. போன் செய்தால் "அங்கதான் சார் இருக்கும், நல்லாப் பாருங்க" என்றார் அதே தம்பி. நல்லாப் பார்த்தோம், முக்கால் மணி நேரம் பார்த்தோம். கடைசியில் பூங்காவில் நாயோடு வந்த ஒரு அம்மாதான் வவுச்சரைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயரில் கடை தெற்கே தங்கக் கோபுரத்துப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினார். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். இன்னொரு டாக்சிக்குக் காசு போடுவானேன் என்று நடந்தோம். என் மனைவிக்கு முழங்கால் வலி என்பது புக்கிங் படிவத்திலேயே இருக்கிறது, உங்கள் கேள்விக்கு நாங்களே எழுதிக் கொடுத்தது.

கடைக்குப் போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார் கடைக்காரர். எங்களைப் பார்த்து மறுபடி திறந்து, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார். எங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை. மார்ச் மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து விலை கேட்டு ஒரு மெயில் போயிருக்கிறது, அதோடு சரி. இனி ஐந்து மணிக்குத்தான் திறப்பேன் என்றார். ஸ்பெயினில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பல கடைகள் மூடியிருக்கும். இது எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆண்டுக்கு எத்தனையோ பேரை அனுப்பும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடைக்காரரிடம் நான் கோபமாகத்தான் பேசினேன். புகார்ப் படிவத்தைக் கொடு என்றேன். அங்கே கடைகளில் அந்தப் படிவம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "எழுதுங்கள், ஆனால் எழுத வேண்டியது என்னைப் பற்றியா என்று யோசியுங்கள்" என்றார். இரண்டு பாட்டில் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தார். நான் எழுதவில்லை. அந்தப் படிவத்தைத்தான் இந்தக் கடிதத்தோடு வெறுமையாக இணைத்திருக்கிறேன். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் அந்த போன். இருபத்திரண்டு நிமிடம் பாட்டுப் போட்டீர்கள். பிறகு தம்பி வந்து மேற்படி வாசகத்தைச் சொன்னார். "பெயரைச் சொல்லுப்பா" என்றதும் லைன் கட். மறுபடி அடித்தபோது செவியாவில் மணி 2:35. நம்மூரில் 6:05. "அலுவலக நேரம் முடிந்தது" என்றது இயந்திரக் குரல். இது எந்த ஊர் 24 மணி நேரம்?

உங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்த கதையை விட்டுவிட்டேன். ஜூலை மாதம் பல்லவன் ரயிலில் வந்தேன். மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்தீர்கள். பிறகு அவர் அன்று லீவு என்றீர்கள். லீவில் இருப்பவர் மீட்டிங்கில் எப்படி இருந்தார் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேல் எனக்குப் புகார் இல்லை, அவர்தான் காபி கொடுத்தார்.

மறுபடி செவியாவுக்கு வருகிறேன். மே 28 மதியம் எங்களுக்கு மாட்ரிட் ரயில். அதனால் காலையில் அதே கடைக்குப் போய், என் கைக்காசு 30 யூரோ கொடுத்து இரண்டு சைக்கிள் எடுத்தோம். கைடு இல்லை. தமிழ் ஆடியோ என்று சொன்னீர்களே, அந்த லிங்க் 'காலாவதியாகிவிட்டது' என்றது. கடைக்காரர் ஒரு வரைபடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் சார். அந்தக் கோடுதான் நீங்கள் ரூ. 6,400-க்கு விற்ற பொருள்.

அந்தச் சுற்று அவ்வளவு சுலபம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஏற்றமே இல்லாத ஊர். 2006 வாக்கில் தொடங்கி சில வருடத்தில் ஊர் முழுக்கச் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், பச்சை வண்ணம் அடித்து, கார் ஏற முடியாதபடி தடுப்பு வைத்து. பதினைந்து வருடமாகச் சைக்கிளைத் தொடாத என் மனைவி பத்தே நிமிடத்தில் என்னை முந்திப் போய்விட்டாள். ஆற்றோரமாக வடக்கே போய், பாலம் ஏறி கார்துகா தீவு, சாய்ந்த கோபுரத்தில் கம்பிகள் கட்டிய அலமில்யோ பாலத்தைப் பார்த்துவிட்டு, திரியானா பகுதி வழியாகத் திரும்பி, மரியா லூயிசா பூங்கா. 1929 கண்காட்சிக்குக் கட்டிய பிளாசா தெ எஸ்பான்யாவில் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, மாகாணத்துக்கு ஒன்றாக ஓடு பதித்த அந்த மாடங்களில் உட்கார்ந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். ஊருக்குள் ஓடுவது போலத் தெரிகிற குவாதல்கிவீர் ஆறு உண்மையில் வடக்கே அடைத்துவிட்ட கிளை, நிஜ ஆறு தீவுக்கு மேற்கே போகிறது. அதனால்தான் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, பையன்கள் படகு வலித்துப் பழகுகிறார்கள். காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது எப்படி இருந்திருக்கும்! ஆனால் கைடு வேண்டாமா இதைச் சொல்ல? இதெல்லாம் நான் ஊருக்கு வந்தபின் படித்துத் தெரிந்துகொண்டது. அங்கே இருந்தபோது இது எதுவும் தெரியாமல், ரயிலுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்தபடி மிதித்தேன். கதீட்ரல் கோபுரமான கிரால்தாவில் படிக்குப் பதில் சரிவுப் பாதை, அந்தக் காலத்தில் குதிரையிலேயே மேலே ஏறுவார்களாம். என் மனைவியின் முழங்காலுக்கு ஏற்றதாயிற்றே, அதையும் பார்க்கவில்லை. ஒரு மதியம் முழுவதையும் உங்கள் வவுச்சர் தின்றுவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு ஐரோப்பா பயணம், அது மொத்தமும் பாழ் என்றே சொல்வேன்.

கடலோடி மெகல்லனின் ஐந்து கப்பல்கள் 1519-ல் கிளம்பியது அந்த ஊர்த் துறையிலிருந்துதான். 1522-ல் உலகத்தையே சுற்றிவிட்டு ஒரு கப்பலில் பதினெட்டுப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மூன்று வருடம். பணம் திரும்பி வரும் என்று நீங்கள் ஜூன் 9-ல் சொன்ன 'ஏழு வேலை நாள்' எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது?

நான் சண்டைக்காரன் அல்ல. மரியாதையாகவே கேட்கிறேன். ரூ. 6,400, சைக்கிளுக்குக் கொடுத்த 30 யூரோ, டாக்சிக்கு 11 யூரோ, சென்னை வந்துபோன ரயில் கட்டணம் ஆகியவற்றைப் பதினைந்து நாளில் என் கணக்கில் வரவு வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, அவருக்கும் வீடு வாசல் இருக்கும். ஆனால் என் மனைவிக்கு போன் செய்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவளும் கேட்டாள்.

இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் எண் வாங்கிவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் இங்கே வர வேண்டும். நாங்கள் கட்டிய மொத்தத் தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. கால அவகாசம் இரண்டு வருடம், நான் ரிட்டயர்டு, எனக்கு வேறு வேலையும் இல்லை. அப்போது மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் தனியாகக் கேட்பேன். வந்து காத்திருங்கள், காபி நான் வாங்கித் தருகிறேன்.

இணைப்பு: வவுச்சர், சைக்கிள் கடை ரசீது, டாக்சி ரசீது, நான்கு 'முக்கயம்' பதில்கள், நிரப்பாத புகார்ப் படிவம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் (இப்போதைக்கு),
உறையூர்.

பி.கு.: சமாதானமாக அனுப்பிய ரூ. 500 ஊட்டி கூப்பனையும் திருப்பி வைத்திருக்கிறேன். ஊட்டிக்கு எங்களுக்கு வழி தெரியும்.