பாதி வாய், பாதி மூளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் மூளைக்கு அடியில் இருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி பற்றிய கட்டுரையைப் படித்தேன். சுமார் அரை கிராமே எடையுள்ள, பட்டாணி அளவு உறுப்புக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் மூளையின் ஒரு துண்டுதான் கீழே தொங்கிச் சுரப்பியாகிறது என்று அதில் ஒரு வரி வருகிறது. அது பாதிதான் சரி. விட்டுப்போன பாதியால் எங்கள் வீட்டில் ஏழு வருஷம் அவதிப்பட்டோம் என்பதால் எழுதுகிறேன்.

கருவுக்கு நாலு வாரம் ஆகும்போது வாய் என்பது வெறும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் கூரை மேல்நோக்கிப் பைபோலக் குழிகிறது. 1838-இல் இதை விவரித்த கருவியல் அறிஞர் மார்ட்டின் ராத்கேயின் பெயரால் ராத்கே பை என்கிறார்கள். அதே சமயம் மூளையின் அடித்தளத்திலிருந்து விரல்போல ஒன்று கீழே இறங்கி, பையின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டாம் மாதம் முடிவதற்குள் பை வாயோடு இருந்த தொடர்பை அறுத்துக்கொள்ளும். பையின் முன்சுவர் பெருகிச் சுரப்பியின் முன்பாதியான முன்கதுப்பு ஆகிறது. இறங்கி வந்த விரல்தான் பின்கதுப்பு.

பழைய பாடநூல்களில் இதற்குக் கபச்சுரப்பி என்று பெயர். மூளையின் சளி இதன் வழியாக மூக்குக்கு இறங்குவதாக ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதனால் சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிட்யூட்டரி என்று பெயர் வைத்தார்கள். அதை நாமும் அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். சளி ஒன்றும் இறங்கவில்லை, வாய்தான் மேலே ஏறியிருக்கிறது!

கட்டுரையாளர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1980-களில் பிரான்ஸில் நிக்கோல் லெ துவாரின் குழுவினர் காடைக் கருவின் திசுவைக் கோழிக் கருவில் ஒட்டிப் பார்த்தார்கள். பின்னால் வாய்க்கூரையாகும் அந்தச் செல்கள், தொடக்கத்தில் மூளையாக வளரப்போகும் நரம்புத் தட்டின் முன்விளிம்பில், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸாகப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தனவாம். பிரிந்துபோன பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரே வீடு என்று எழுதிவிட முடியுமா?

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2009 அறுவடையின்போது பெகு பக்கத்து வயலில் என் அண்ணனைக் கண்ணாடி விரியன் கடித்தது. பர்மியர் ம்வேப்வே என்பார்களே, அதுதான். மருந்து ஏற்றினார்கள், பிழைத்தார். அப்புறம்தான் சங்கடம். மீசை தாடி வளர்வது குறைந்து, சவரக் கத்தி துருப்பிடித்தது. ஏப்ரல் வெயிலிலும் ஸ்வெட்டர். வரப்பில் நாலு நடை நடந்தால் உட்கார்ந்துவிடுவார். சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன். ஒரு கிளினிக்கில் தைராய்டு குறைவு என்று அதற்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள். சில நாளில் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுந்தார். அட்ரினல் சுரப்பியின் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் இல்லாதவருக்கு அதைக் கொடுக்காமல் தைராக்ஸினை மட்டும் கொடுப்பது ஆபத்து என்று 2016-இல் ரங்கூன் டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். போனது தைராய்டு அல்ல, அதற்கும் அட்ரினலுக்கும் உத்தரவு அனுப்பும் பிட்யூட்டரி முன்கதுப்பு.

இது புது விஷயமும் இல்லை. பர்மாவில் விரியன் கடித்தவர்களுக்குப் பிட்யூட்டரி செயலிழப்பதை 1987-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போன தாய்மாருக்கு வரும் ஷீஹன் நோயும் இதே மாதிரிதான்.

தாகம் அதிகமா, சிறுநீர் அதிகமாகப் போகிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றோம். அப்படியானால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை விடும் பின்கதுப்பு தப்பித்தது என்றார். அது மூளையின் நீட்சி. நரம்பிழைகள் நேராக இறங்குகின்றன, தனித் தமனியும் உண்டு. வாயிலிருந்து வந்த முன்கதுப்புக்கு அந்த நரம்புத் தொடர்பு இல்லை. மூளையின் உத்தரவும் பெரும்பகுதி ரத்தமும் மூளையையும் சுரப்பியையும் இணைக்கும் காம்பை ஒட்டிய மெல்லிய சிரைகள் வழியாகவே வந்து சேர வேண்டும். விரியன் விஷம் ரத்த உறைதலைக் குலைக்கும்போது நுண்குழாய்கள் அடைபட்டு, சுரப்பிக்குள் ரத்தமும் கசிந்துவிடுகிறது. அண்ணன் இப்போது கார்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோனும் தைராக்ஸினும் சாப்பிட்டு வயலுக்குப் போய்வருகிறார்.

திருத்தம் வெளியிடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள். சென்ற இதழில் இரண்டு கதுப்பும் ஒரே சிவப்பு. முன்கதுப்புக்கு வேறு நிறம் கொடுத்தால், டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு அதையே காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பெகு, பர்மா.