கொலை நடந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனைவியையும் பிள்ளைகளையும் ஒருவன் கொன்றுவிட்டான் என்றால் முதல் நாள் அது முதல் பக்கச் செய்தி. மறுநாள் காவல்துறையின் விளக்கம், அதற்கடுத்த நாள் உடல்கள் ஒப்படைப்பு. அத்துடன் செய்தி முடிந்துவிடுகிறது. சுவருக்குச் சுவர் ஒட்டி வாழும் புறநகர்த் தெருவாசிகளுக்கோ தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். காவல்துறைக்கு வழக்கைப் பார்க்க வேண்டும், உறவினர்களுக்கு ஈமக்காரியத்தைப் பார்க்க வேண்டும். தெருவைப் பார்ப்பதற்கு யாரும் இல்லை. அந்த மக்களுக்குப் பயன்படும் சில விவரங்களை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த வீடு. காவல்துறை வைத்த முத்திரை அகற்றப்பட்டதும் வீட்டைக் கழுவும் வேலை பெரும்பாலும் இறந்தவர்களின் உடன்பிறப்புகள் தலையில் விழுகிறது. தயவுசெய்து அவர்களை அதில் இறக்கிவிடாதீர்கள். அந்தக் காட்சி ஆயுளுக்கும் கண்ணை விட்டுப் போகாது. நேரடி உறவில்லாத இருவர் மூவர் செய்யட்டும். விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் தொடக் கூடாது. காய்ந்த ரத்தத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூளாகி மூச்சில் ஏறும், அதனால் நனைத்துத்தான் எடுக்க வேண்டும். வெந்நீர் கறையை இறுக்கிவிடும் என்பதால் குளிர்ந்த நீரே நல்லது. ரத்தத்தை முழுதும் துடைத்தெடுத்த பிறகுதான் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். ரத்தம் மிச்சமிருந்தால் குளோரின் வலுவிழந்துவிடும். வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டால் போதும். அம்மோனியாவோ அமிலமோ கலந்த கழுவுதிரவத்தை அதோடு சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். மெத்தை, தலையணை, கம்பளம் போன்றவை உறிஞ்சியதைக் கழுவி எடுக்க முடியாது, அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் புகைப்படங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், பிழைத்த குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை அல்லது போர்வை ஆகியவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். அவசரத்தில் இவையும் குப்பையோடு போய்விடுகின்றன. பிற்பாடு அந்தக் குழந்தை கேட்கும்போது கொடுக்க எதுவும் இருக்காது.

அடுத்து பிள்ளைகள். இறந்த குழந்தையோடு தெருவில் விளையாடியவர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். இவர்களிடம் பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, ‘தூங்குகிறார்கள்’, ‘ஊருக்குப் போயிருக்கிறார்கள்’ என்று சொல்வது. அப்படிக் கேட்ட சின்னக் குழந்தை தானும் தூங்கப் பயப்படும். ‘அவளுடைய அப்பா அவளைக் கொன்றுவிட்டார். அவள் இறந்துபோனாள். இது உன்னாலோ அவளாலோ நடந்தது இல்லை’ என்று மூன்றே வாக்கியம், நேராகச் சொல்லலாம். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சாவு என்பது திரும்பி வரக்கூடிய ஒன்று. ‘எப்போ வருவா?’ என்று நாள் தவறாமல் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே பொறுமையோடு சொல்ல வேண்டும். சற்றுப் பெரியவர்கள், ‘நேற்று அவளோடு சண்டை போட்டேனே’ என்று தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்வார்கள். பதின்ம வயதினர் வாய் திறக்கமாட்டார்கள், ஆனால் சம்பவ இடத்துப் படம் அவர்கள் கைபேசியில்தான் முதலில் சுற்றும். ‘எங்க அப்பாவும் இப்படிச் செய்வாரா?’ என்ற கேள்வி எந்த வயதிலும் உள்ளே இருக்கும். கேட்கவில்லை என்பதால் இல்லை என்று அர்த்தமில்லை.

பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் ஒரே செய்தியை, ஒரே நாளில், அந்தந்த வகுப்பிலேயே சொல்வது நல்லது. பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியில் அறிவிக்கக் கூடாது. வெறுமையான இருக்கையை இரவோடு இரவாக அகற்றாதீர்கள், என்ன செய்யலாம் என்று வகுப்புப் பிள்ளைகளையே கேளுங்கள். நல்லெண்ணத்தோடு வரும் சிலர் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, நடந்ததையும் பட்டதையும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்கிறார்கள். இப்படி ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பிற்கால மனநலப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைப்பதில்லை. உளவியல் முதலுதவி என்று 2011இல் அது வெளியிட்ட வழிகாட்டி சொல்வது எளிமையானது: பாதுகாப்பு, சாப்பாடு, தூக்கம், வேண்டியவர்கள் பக்கத்தில், பேச விரும்பினால் கேட்க ஒரு காது. ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், அதே காட்சியைத் திரும்பத் திரும்ப விளையாடுதல் ஆகியவை குறையாவிட்டால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். தன்னையே மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பெரியவர்களை அரிப்பது குற்ற உணர்வு. ‘சத்தம் கேட்டது, நாம் போகவில்லையே.’ இதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள வெஸ்ட்ஃபீல்ட் என்ற புறநகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1971 நவம்பர் 9 அன்று ஜான் லிஸ்ட் என்பவர் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐவரையும் சுட்டுக்கொன்றார். பால், தபால், நாளிதழ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போவதாகப் பள்ளிகளுக்கும் எழுதிவிட்டு மறைந்தார். விளக்குகள் எரிந்தபடி இருந்து, ஒவ்வொன்றாக அணைந்ததை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது. மறு ஆண்டு அந்த வீடு தீக்கிரையானது. கொலையாளி 1989இல்தான் பிடிபட்டார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அந்த ஊர் அவர் எங்கே என்று தெரியாமலே வாழ்ந்தது. இது திட்டமிட்டு மறைக்கப்பட்ட கொலை. அயலார் மீது பழி போடுவதில் நியாயமில்லை.

ஆனால் எல்லா வழக்கும் அப்படி அல்ல. ‘திடீர் ஆத்திரம்’ என்று செய்திகள் எழுதும் பல கொலைகளுக்கு முன்னால் நீண்ட வன்முறை இருக்கிறது. ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவர் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்ட பெண்களில் இது 60 சதவீதம். அடி உதைக்கு ஆளான பெண்களுக்குள் கழுத்து நெரிபட்டவர்கள் பிற்பாடு கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. கழுத்தில் தடம், குரல் கம்முதல், கண்ணில் ரத்தச் சிவப்பு ஆகியவை பக்கத்து வீட்டுக்காரர் கண்ணிலும் படக்கூடியவை. ‘உன்னையும் கொன்று நானும் சாவேன்’ என்ற மிரட்டல், வேவு பார்த்தல் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அவள் பிரிந்து போக முடிவெடுத்த வாரங்கள்தான் மிக மோசமானவை. ‘அனுசரித்துப் போம்மா’ என்று அப்போது சொல்லி அனுப்பாதீர்கள். தேதி, நேரம், கேட்ட வார்த்தை மூன்றையும் குறித்து வைத்துக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். கணவனிடம் போய் ‘ஏன் அடிக்கிறாய்’ என்று தட்டிக் கேட்டால், அடுத்த அடி அவளுக்குத்தான் விழும்.

வீட்டை இடிப்பதா, வைத்திருப்பதா என்பதிலும் தெரு பிளவுபடும். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில், பல இளம்பெண்களைக் கொன்ற வெஸ்ட் தம்பதியினரின் வீட்டை 1996இல் இடித்து, யாரும் நினைவுப்பொருளாக எடுத்துப் போகாதபடி செங்கற்களைப் பொடியாக்கி, அந்த இடத்தை நடைபாதையாக்கினார்கள். நியூயார்க் மாநிலத்தின் அமிட்டிவில்லில் 1974இல் ஒரே குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்ட வீடு இடிக்கப்படவில்லை. வேடிக்கை பார்க்க வருபவர்கள் தொல்லையால் ஜன்னல்களின் வடிவமும் கதவு எண்ணும் மாற்றப்பட்டன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பிழைத்தவர்களைக் கேட்க வேண்டும்.

இனி உங்கள் நாளிதழிடம் கேட்பவை. கதவு எண்ணும் வாசற்படமும் வேண்டாம். பிள்ளைகளின் படத்தைச் சமூக ஊடகத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். கடன் தொல்லை, குடும்பத் தகராறு, கள்ளக்காதல் என்று முதல் நாளே காரணம் எழுதினால், இறந்தவளே அந்தக் கொலைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் ஆகிவிடுகிறாள். அந்தக் காரணமும் பெரும்பாலும் கொலையாளியின் வாயிலிருந்து வந்தது. அவன் தற்கொலை செய்துகொண்டிருந்தால் முறையை விவரிக்காதீர்கள். உதவி எண்ணைச் செய்தியின் அடியில் போடுங்கள். விசாரணை நீதிமன்றத்துக்கு வர ஆண்டுகள் ஆகலாம். அன்று பழைய படங்களோடு செய்தி மீண்டும் வரும்போது, பிழைத்த குழந்தை அதைப் பள்ளி வாசலில் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாளே அந்தக் குழந்தையை வளர்ப்பவருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் உங்கள் செய்தியாளர் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிவித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்டோருடன் பணிபுரியும் மனநல ஆலோசகர்கள்